காலண்டர் தாளின் பின்பக்கம்

அக்கா,

இன்று காலை காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தேன். இன்றைக்கு என் ராசிக்கு நேராக "பொறுமை" என்று போட்டிருந்தது. அதே நேரம் இடது கையில், வளையல் உரசும் இடத்தில், அரிப்பு ஆரம்பித்தது. இந்த இரண்டும் சேர்ந்து வரும் நாளில் நீ எப்படிச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். படித்துக் காட்ட வாயைத் திறந்துகொண்டே சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. பழக்கம் இன்னும் போகவில்லை.

தடிப்பு இப்போதெல்லாம் முன்போல் வருவதில்லை. மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ஏன் வருகிறது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

முதன்முதலாக அது வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நான் திருமுல்லைவாயிலுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நீ மூத்த மருமகள், நான் இளையவள். காலையில் எழுந்தால் கழுத்திலிருந்து முட்டி வரைக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருக்கிறது. நம் அத்தை பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துக்கீறா" என்றார். பத்து நிமிஷத்தில் நிலைப்படியில் வேப்பிலை ஏறிவிட்டது, வீட்டில் தாளிப்பு நின்றுவிட்டது. ஆறு மாதக் கைக்குழந்தையாக இருந்த உன் மகள் பாப்பாவை என் கண்ணில் காட்டாமல் முன்னறைக்குத் தூக்கிப் போனார்கள். நான் உள்ளறையில் அம்மை கண்டவளாக உட்கார்ந்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் உடம்பில் ஒரு புள்ளி இல்லை. கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்த அத்தைக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

"ஆத்தாவுக்கு நம்ம ஊடு புடிக்கல போலக்கீது அத்தை. ஒரு வாய் தண்ணிகூட குடிக்காம கெளம்பிட்டா" என்றாய் நீ, வாசலில் நின்றபடி. அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை மறுபடி வந்தது. எதிர்வீட்டம்மா "இது காணாக்கடி" என்றார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டதாம். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொன்னார், மென்றேன். மந்திரித்தார்கள். பிறகு நீதான் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாய். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர், "பல பேருக்கு இது காரணம் தெரியாமதாம்மா வரும். ஒட்டாது. மாத்திரை போட்டுக்கிட்டுப் பொறுமையா இருங்க" என்றார்.

காரணம் தெரியாத ஒன்றை எந்த வீட்டில் அக்கா சும்மா விடுவார்கள்? "இருந்ததை மறைச்சிக் கட்டிக் குடுத்துட்டாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒட்டுவாரொட்டி என்று இன்னொன்று. அத்தை கெட்டவர் இல்லை, பேத்தியை நினைத்துப் பயந்தார். "கொஞ்ச நாளைக்கு கொழந்தைய தூக்காதம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். என் தோளில் போட்டால்தான் தூங்குவேன் என்று அடம்பிடித்த குழந்தை அது. முன்னறையில் அது அழ அழ, நான் உள்ளறையில் மாங்காட்டுக்கு, என் அம்மா வீட்டுக்கு, பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வருகிற எண்ணம் எனக்கு இல்லை.

நீ வந்தாய். பையைப் பார்த்தாய். என் கையைப் பிடித்து எல்லாரும் இருந்த முன்னறைக்கு இழுத்துப் போய் உட்காரவைத்து, குழந்தையை மடியில் போட்டாய்.

"உன் தோள்லதான் தூங்குவாளாம். புடி."

"ஒட்டிக்கினா இன்னா பண்ணுவ?" என்றார் அத்தை.

"டாக்டரு ஒட்டாதுன்னு சொன்னப்போ நான்தான் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தேன். ஒட்றதா இருந்தா எனுக்குத்தான் மொதல்ல ஒட்டிருக்கணும். டெய்லி லோஷன் போட்டு வுட்றது யாரு?"

குழந்தை என் தோளில் கன்னத்தை வைத்து, ரோஸ் நிற லோஷனை அப்பிக்கொண்டு தூங்கிப்போனது. அதுவரை உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பையைப் பிரித்து வைத்தபோது நீயும் வந்து உதவினாய். "நீ வுடுக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். மாறிப்போனது அப்போதுதான்.

அதற்குப் பிறகு உன் துப்பறியும் வேலை தொடங்கியது. தினமும் கிழித்த தாளின் பின்பக்கத்தில், நான் என்ன சாப்பிட்டேன், எங்கே தடித்தது, எப்போது அடங்கியது என்று எழுதி, கரண்ட் பில் குத்தும் கம்பியில் குத்திவைப்பாய். முன்பக்கத்தில் ராசிபலனையும் விடமாட்டாய். "இன்னாமே, உனுக்கு 'சோர்வு'ன்னு போட்டுக்கீது, எனுக்கு 'லாபம்'. எங்கேந்து வரப்போவுதோ" என்பாய். உன் கையில் மாட்டாத ஆள் இல்லை. முதலில் கத்திரிக்காய் உள்ளே போனது. பிறகு கருவாடு, முட்டை, வேர்க்கடலை. பிறகு சோப்பு, பவுடர், கம்பெனியில் நான் மாட்டும் கையுறை. உன் கொழுந்தனின் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைக்கூட நீ விடவில்லை.

எனக்குத்தான் பொறுமை இல்லை. பட்டரவாக்கத்தில் வேலை முடிந்து ரயிலில் வரும்போது ஒருநாள் முகமெல்லாம் தடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் கம்பியைப் பிடுங்கித் தரையில் வீசினேன். இவ்வளவு எழுதி என்னத்தைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று கத்தினேன். நீ குனிந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினாய்.

"கண்டுபுடிக்கவா எழுதறேன்? வந்துச்சி, போய்டுச்சின்னு இதுல கீது இல்ல? நாளைக்கு வந்தா எடுத்துக் காட்டலாம், இதும் போய்டும்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ தாள்களைத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாய்.

கத்திரிக்காயை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியும் தடிப்பு பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே கால் கிலோ வாங்கி வந்து காரக்குழம்பு வைத்தாய். சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் பார்த்தோம். ஒன்றும் இல்லை. "பாவம்மே. ரெண்டு மாசமா அது மேல அபாண்டமா பழி போட்டுகினு இருந்தோம்" என்றாய், நிஜமாகவே வருத்தத்தோடு.

இரண்டாவது வருஷம் தடிப்பு தானாகக் குறைந்தது. நீ எழுதுவதை நிறுத்தினாய். கம்பி பரணுக்குப் போனது.

போன ஐப்பசியில் ஒரு பள்ளிக்கூட நாள் காலை. மழை விட்டிருந்தது. மாடியில் காய்ந்த பாப்பாவின் யூனிபார்மை எடுக்கப் போன நீ, படியிலேயே சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை என்றார்கள். இருதயம் என்றார்கள். தலைவலி என்றுகூடப் படுத்தறியாத, நாற்பது வயது ஆகாதவளுக்கு ஏன் என்று கேட்டதற்கு அவர்களிடமும் பதில் இல்லை. காரியத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணு பட்டது, காலையில் சாப்பிடாமல் இருப்பாள், மாடிப்படி செங்குத்து. பாப்பா மட்டும் ஒன்றும் பேசவில்லை. ஒன்பதாவது படிக்கிற பெண், நாலு மாதமாக ஒரே யூனிபார்மைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனாள். நீ எடுக்கப் போன இன்னொன்றைத் தொடவே இல்லை. அம்மா நினைவு என்று நான் விட்டுவிட்டேன்.

இன்று மதியம் நான் சொறிவதைப் பார்த்து அவளே லோஷனை எடுத்து வந்தாள். தேய்க்காமல், உன்னைப் போல விரல் நுனியால் ஒற்றி ஒற்றிப் போட்டாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"சித்தி, அன்னிக்கு யூனிபார்ம் எடுத்துட்டு வான்னு நான்தான் அம்மாவ அனுப்பினேன். நானே போயிருக்கலாம்."

நாலு மாதமாக இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அக்கா. பக்கத்திலேயே இருந்து எனக்குத் தெரியவில்லை. அப்படியெல்லாம் இல்லடி என்று சொல்ல வாய் வந்தது. அதை நம்பும் நிலையில் அவள் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து கம்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "உங்கம்மா எழுதினது. படி" என்றேன்.

சத்தமாகப் படித்தாள். "முட்டை, இல்ல. சோப்பு, இல்ல." அவள் சித்தப்பாவின் தலை எண்ணெய் "சந்தேகம்" என்று இருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டாள். அப்புறம் அந்தத் தாள் வந்தது. "கத்திரிக்கா. ஒன்னும் பண்ல. பாவம்." அது என்ன என்று கேட்டாள். இரண்டு மாதம் நாம் அதை ஒதுக்கிவைத்ததையும், அது பாட்டுக்குச் சும்மா இருந்ததையும், நீ அதற்காக வருத்தப்பட்டதையும் சொன்னேன். ஏன் வந்தது என்று கடைசிவரை தெரியவே இல்லை என்பதையும் சொன்னேன். அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தாள்.

"அப்போ நானும் கத்திரிக்காதானா, சித்தி?"

"ஆமாண்டி" என்றேன். "நீயும் கத்திரிக்காதான்."

உன்னை எடுத்துப்போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. என் தோளில், அதே பழைய இடத்தில், கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவி வந்தாள். நாள் முடியாமல் காலண்டரைக் கிழிக்கக் கூடாது என்று அத்தை திட்டுவார். அவள் கேட்கவில்லை. இன்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள்: "இடது கை. காலைல வந்துச்சி. மூணு மணிக்குப் போச்சி. ஏன்னு தெரியல."

கம்பியில் குத்தி, அதை நீ மாட்டிவைத்திருந்த அதே ஆணியில் மாட்டினோம். நாளைக்கு வந்தால் எடுத்துக் காட்டலாம்.