இரண்டாம் மாடியில் சிவப்புக் கார்கள்

தோழி,

இன்று மேசை இழுப்பறையைத் துடைக்கும்போது உன் கைக்கடிகாரம் கிடைத்தது. நாடித் துடிப்பைக் காட்டும் கறுப்புக் கடிகாரம். "இது சும்மா ஏமாத்துது, நீயே வெச்சுக்கோ" என்று என் மடியில் போட்டாயே, அதுதான்.

குழந்தை பிறந்த சில வாரங்களில் உன் இதயம் தளர்ந்துவிட்டது. மருந்தோடு நடைப்பயிற்சியும் வேண்டும் என்றார்கள் மருத்துவமனையில். ஸ்கூடாய் நகரில் லிஃப்ட் இல்லாத பிளாட் உங்களுடையது. மூன்றாம் மாடிக்கு மகளை நீயே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். உனக்கு அது ஒன்றுதான் ஆசை. உன் கணவரோ நானோ அவளைத் தூக்கிப் போவோம். நீ பார்த்தபடியே பின்னால் வருவாய்.

எவ்வளவு நடந்தும் கடிகாரத்தில் துடிப்பின் எண் சொன்ன அளவுக்கு ஏறவில்லை. மாத்திரைதான் தடுக்கிறது என்று ஒருநாள் அதை விழுங்காமல் வந்தாய். மருத்துவமனையில் பயிற்சி தரும் மலாய்க்கார அக்கா பதறிப்போனார். துடிப்பை அடக்குவதுதான் அந்த மாத்திரையின் வேலை, அதை விடவே கூடாது, எண்ணை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனி என்றார். திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி.

அதன்பின் ஒருநாளும் மாத்திரையை நீ விடவில்லை. காலையில் கடைகள் திறக்குமுன் பேரங்காடிக்குள் என்னோடு பேசிக்கொண்டே நடந்தாய். "என்ன பசியாறுன?" என்றுதான் தொடங்குவாய். நான் ம் கொட்டுவேன்.

"சீக்காளி நானா நீயா? வாயத் தொறந்து பேசு லா."

யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்த நடைகளில்தான் சொன்னேன். நீ எதையும் பிறகு கிளறியதில்லை.

அக்கா சம்மதித்த பிறகு, ஒரு மாலை மகளை இடுப்பில் வைத்து ஏறினாய். இரண்டாம் மாடியில் உன் பேச்சு துண்டுபட்டது. வீம்புக்கு ஏறிவிடுவாயோ என்று பயந்தேன். நீயோ நின்று, அவளைச் சாலைப் பக்கம் திருப்பினாய்.

"செவப்புக் காடி எங்க, அம்மாவுக்குக் காட்டு."

சாலை நெரிசலில் அவள் சிவப்புக் காரைத் தேடித்தேடி விரல் நீட்டினாள். உன் மூச்சு தணிந்தது. மீதிப் படிகளையும் ஏறினாய். அவ்வளவு ஆசைப்பட்டதன் நடுவிலும் உனக்கு நிற்கத் தெரிந்ததே, அதை இன்னும் வியக்கிறேன்.

இரண்டு ஆண்டுகள் அவளைத் தூக்கி ஏறினாய். பிறகு வந்த காய்ச்சலை உன் இதயம் தாங்கவில்லை.

இப்போது பள்ளி விட்டதும் அவளை நான்தான் மேலே கூட்டிப் போகிறேன். இரண்டாம் மாடியில் தானாகவே நின்றுவிடுகிறாள். படியேறும் எல்லோரும் அங்கே நின்று சிவப்புக் கார் தேடுவார்கள் என்றுதான் நினைத்திருக்கிறாள். எனக்கு மூச்சு வாங்குவதில்லை, ஆனாலும் நிற்கிறேன்.

"ஆன்ட்டி, ஒன்னும் பேச மாட்டீங்களா?" என்கிறாள்.

காலையில் என்ன பசியாறினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.