நவம்பர் பன்னிரண்டு அவனுக்கு எப்படித் தெரியும்?

திருமுல்லைவாயில்,
நவம்பர் 14

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி விஜி மூன்று பேரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேக்குக்கு முன்னால் நீ சிரிக்கிற சிரிப்பிலேயே தெரிகிறது. எந்த கேக் என்று முழிக்காதே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விஜி குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் போனை எடுத்து உன் பிறந்தநாள் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். எனக்கு மட்டும் மறைத்து வைத்திருக்கிறாயே, அதைத்தான். படத்தை என் போனுக்கும் அனுப்பிக்கொண்டு இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிசாக்கினேன். கேக் தட்டைப் பிடித்திருக்கிற கை யாருடையது? நேற்று போனில் "பொறந்தநாளுக்கு கூட யாருடி இருந்தது" என்று கேட்டதற்கு "ரூம்மேட்மா" என்றாய். உன் ரூம்மேட் கையில் அத்தனை முடியா, பாவம் அந்தப் பெண், கஸ்தூரி மஞ்சள் வாங்கி அனுப்பட்டுமா? அடுத்த கேள்விக்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால்தான் முறுக்கு பார்சலோடு இந்தக் கடிதம், இதைக் கட் பண்ண முடியாது பார்.

முடியைக்கூட விடு, என்னை உறுத்துவது தேதி. உன் ஆபீசுக்கும் ஆதாருக்கும் நீ பிறந்தது மே இருபது. நிஜமாகப் பிறந்த நவம்பர் பன்னிரண்டு நம் வீட்டு நாலு பேருக்குத்தான் தெரியும். புனேயில் ஒருத்தனுக்குத் தெரிந்திருக்கிறது என்றால் நீதான் சொல்லியிருக்க வேண்டும். சர்ட்டிபிகேட்டில் இல்லாததைச் சொல்கிற அளவுக்குப் பழக்கம் என்றால் அது என்ன பழக்கம்? நான் ஐந்தாவதோடு நின்றவள், உனக்கு ஒரு வருஷம்கூட வீணாகக் கூடாது என்ற அவசரத்தில் நாலரை வயதிலேயே ஒண்ணாவதில் சேர்க்கக் கூட்டிப்போனேன். "டீச்சர் கேட்டா மே இருபதுன்னு சொல்லுடி" என்று ரயில்வே கேட்டிலிருந்து வழியெல்லாம் ஓதினேன். நீ போய் நின்று கணீரென்று "எங்கம்மா மே இருபதுன்னு சொல்ல சொல்லிக்கீது டீச்சர்" என்றாய். அந்தம்மா சிரித்து, "இன்னும் கொஞ்சம் நல்லா சொல்லிக் குடுத்து கூட்டினு வந்திருக்கலாமே" என்று என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே அதையே எழுதிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது உன்னைத் திட்டித் தீர்த்தேன், அது தப்பு. பொய் வராத பிள்ளைக்கு உட்கார வைத்துப் பொய் சொல்லிக் கொடுத்தவள் நான். இருபத்தைந்து வயதில் இப்போதுதான் பழகுகிறாய், அதுவும் என்னிடமே. இன்னும் வரவில்லை, "ரூம்மேட்" என்னும்போது குரல் கீச்சென்கிறது.

அவன் யாராக இருந்தாலும் இருக்கட்டும், கோபக்காரனா, உன்னைப் பேச விடுகிறவனா, அதைச் சொல். முதலில் என்னிடம் சொல். உன் அப்பா காதுக்கு வேறு யார் வாயாலாவது போனால் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார், இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறாய். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டு அவர் சாய்ந்திருக்கும்போது நான் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். அதுவரை மூச்சு விடமாட்டேன்.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும், பச்சையம்மன் துணை இருப்பாள். முறுக்கை டப்பாவில் போட்டு இறுக்கி மூடு, அந்தக் கைக்கும் நாலு கொடு.

சந்தேகம் தீராத உன் அம்மா,
கெங்கம்மாள்

பி.கு.: "இந்தக் கை யாருதுடி" என்று கேட்டு அந்தப் படத்தை உன் சிநேகிதி சித்ராவுக்கு அனுப்பினேன். அது கை தவறி நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிருக்கிறது. நாற்பத்தொரு பேர் பார்த்தாகிவிட்டது. ராஜசேகரன் மாமா "மாப்ளைக்கு எந்த ஊரு" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.