பாட்டிலில் ஒட்டிய காகிதம்

திருமயம், 1943

அன்புள்ள உங்களுக்கு,

காலையில் முதல் வேலையாக, என் இருமல் மருந்துப் பாட்டிலில் நான் ஒட்டிய அளவுக் காகிதத்தைச் சுரண்டி எடுத்தேன்.

யுத்தம் வந்ததிலிருந்து அரிசியைப் போல மருந்தும் விலை ஏறிவிட்டது. நீங்கள் பம்பாயிலிருந்து அனுப்புவது சாப்பாட்டுக்கே சரியாக இருக்கிறது. அதனால் கம்பவுண்டர் வேளைக்கு ஒரு வெட்டு வைத்து ஒட்டிய காகிதத்தை எடுத்துவிட்டு, ஆறு வேளை மருந்து பன்னிரண்டு வேளைக்கு வரும்படி வெட்டி ஒட்டினேன். சிக்கனம் என்று நினைத்தேன். இருமல்தான் நிற்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அடைக்கலமேரி அதைக் கண்டுபிடித்துவிட்டார். "மருந்துக்கும் ரேஷனாம்மா? படிச்சவுக செய்யிற வேலையா இது?" என்று சிரித்துக்கொண்டே பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த மனசுக்கு நான் என்ன செய்வேன்!

இனி முழு அளவு குடிப்பேன். உடம்பு தேறியதும், நீங்கள் வேண்டாம் என்ற பள்ளிக்கூட வேலையைக் கேட்டுப் போகப்போகிறேன். உங்களைத் தவிர இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மனைவி