கல்லடிக்கு நாயையும் கூட்டிக்கொண்டு வா

அலவத்துகொட
20.05.2013

அன்பு மகன் ஹபீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால இங்க நானும் என்ட ரெண்டு முழங்காலும் வீட்டுக் கூரையும் இன்னும் விழாம நிக்கிறோம், அங்க முல்லைத்தீவு வெயிலில நீ கருகிப் போகாம இருக்க துஆக் கேக்கிறேன். வாப்பாட கையால கடிதம் வந்த உடனே யாரோ மௌத்து எண்டு பயந்திடாத, ஒருத்தரும் மௌத்தாகல்ல. நாலாம் வகுப்போட விட்ட கை, கோழி கிண்டின மாதிரித்தான் இருக்கும், பொறுமையா வாசி. போன்ல சொல்லலாம்தான், ஆனா வெள்ளிக்கிழமை நீ எடுத்தா சுகமா, சாப்பிட்டீங்களா எண்டு கேட்டு ரெண்டு நிமிஷத்துல வச்சிடுற, நானும் ஏதாவது ஒரு பகிடிய விட்டு முடிச்சிடுறேன், சொல்ல நினைச்சது சொல்லாமலே போயிடுது. கடிதத்துக்கிட்ட சரி வாப்பா வைக்கிறேன் எண்டு சொல்ல ஏலாது பாரு, அதுதான்.

ஊர்ப் புதினம் பெருசா ஒண்டுமில்ல. கடைசிக் கராம்பு காயப் போட்டிருக்கு, பின்னேரம் பின்னேரம் மழை, முத்தத்துக்கும் உள்ளுக்கும் பாய இழுத்தே இடுப்புப் போயிட்டு. உன்ட தங்கச்சி றமீஸா வத்தேகமயில சுகமா இருக்கிறா, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து குசினியக் கழுவி எனக்கு ஏசிட்டுப் போறா. உம்மா இல்லாத நாளிலயிருந்து நான் ஒரு சுண்டு அரிசிதான் ஆக்குறேன், அதுலயும் பாதி மிஞ்சுது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து திண்டுட்டுப் போகும், அது திங்கிற நேரம் பக்கத்துல இருந்து கதைச்சிக்கொண்டிருப்பேன், போன கிழமை அதுக்கும் ஒரு பகிடி விட்டேன், பாதிச் சோத்துல எழும்பிப் போயிட்டு. பகல் பொழுது கடைத்தெருவுல எப்படியும் போகுது. பின்னேரம் அசருக்குப் பிறகு வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்தினா, கதிரை எல்லாம் வச்ச இடத்துலயே இருக்கும். ஒண்டையும் இழுத்துப் போட ஆளில்ல.

இப்ப விசயத்துக்கு வாரேன். அடுத்த மாசம் 15, 16 சனி ஞாயிறு, நோன்புக்கு முந்தி, மட்டக்களப்புக்குப் போய் கல்லடிக் கடற்கரையில ரெண்டு நாள் இருந்திட்டு வருவமா. நீயும் நானும் உன்ட நாயும். திரும்ப ஒருக்கா வாசி, நாயும் எண்டுதான் எழுதியிருக்கு, கை தவறல்ல. பதினொரு மாசமா நீ இந்தப் பக்கம் வரல்ல, ரெண்டு பெருநாளும் அங்கயே கழிஞ்சிட்டு. லீவு இல்ல எண்ட, பிறகு நாயத் தனிய விட்டுட்டு வர ஏலாது எண்ட, நானும் நம்பின மாதிரியே இருந்தேன்.

இந்தப் பயணத்த ஒழுங்கு செய்யப் பட்ட பாட்டையும் கேளு. கடல் எண்டா இங்க எல்லாரும் திருகோணமலைக்குத்தான் போறது, அதனால முதல்ல அந்தப் பக்கம்தான் விசாரிச்சோம். உன்ட மாமிட மகன் ஷிராஸ் ஆறு இடத்துக்குக் கோல் எடுத்தான். நாய் எண்ட உடனே நாலு பேர் வச்சிட்டாங்க. அஞ்சாவது ஆள் சின்ன நாயா, மடியில வைக்கிற அளவா எண்டு கேட்டார். நான் போனை வாங்கி, மிதிவெடி மணந்து பிடிச்ச நாய் தம்பி, வேணுமெண்டா நீங்க அதுட மடியில இருக்கலாம் எண்டு சொன்னேன், அவரும் வச்சிட்டார். ஆறாவது ஆள் வெளியில மரத்துல கட்டுறதா இருந்தா வாங்க எண்டார், கட்டிப் போட அது என்ன மாடா. அதுக்குப் பிறகுதான் உன்னோட வேலை செய்ற வீரசிங்கம் ஞாபகத்துக்கு வந்தான். மார்ச் மாசம் அவன்ட அம்மாவ கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த நேரம் என்னையும் தேடி வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனான், அந்த நம்பர் இருந்திச்சி. மட்டக்களப்புதானே அவன்ட ஊர், மாசா மாசம் பிக்கப்புல வீட்டுக்குப் போறவன், உன்னையும் நாயையும் ஏத்திக்கொண்டு வாரது என்ட பொறுப்பு எண்டு சொல்லிட்டான். உன்னைக் கேக்காம அவனைக் கேட்டதுக்குக் கோவிக்காத, உன்னைக் கேக்கத்தான் எனக்குப் பயம்.

தங்க இடமும் அவன்தான் சொன்னான். அவன்ட பெரியம்மா இரத்தினம்மா கல்லடியில கடலுக்குக் கிட்ட ரெண்டு அறை வாடகைக்கு விடுறாவாம். காத்தான்குடியில எனக்குத் தெரிஞ்ச யாவாரி ஒருத்தர் இருக்கார்தான், ஆனா அவரும் நம்ம ஆள், நாய உள்ளுக்கு எடுக்கிறது நம்ம வீட்டுல மாதிரியே அந்த வீட்டுலயும் பிரச்சினையாகும், பாவம் மனுசன். இரத்தினம்மாக்கு நாய் பிரச்சினை இல்ல, அறைக்குள்ளயும் படுக்கலாம், ஆனா அவட கோழியத் துரத்தக் கூடாது, குசினிக்குள்ள போகக் கூடாது. இந்தச் சட்டம் எனக்கும் சேத்தா எண்டு கேட்டேன், சிரிக்காம ஓம் எண்டா. விடியக் காலமையும் பின்னேரமும் மட்டும் கடற்கரைக்குக் கொண்டு போங்கோ, பகலில மணல் சுடும், அதுட காலுக்கு ஆகாது எண்டும் சொன்னா. கடலுக்குள்ள இறக்காத மகன், அங்க அலை இழுக்கும் எண்டு சொல்றாங்க, நாயையும் சேத்துத்தான் சொல்றேன். நான் சுபஹுத் தொழுதிட்டு ஷிராஸ்ட வேனுல வெளிக்கிடுவேன். பதினெட்டு வளைவு இறங்கக்குள்ள வழமை போல சத்தி எடுப்பேன், மஹியங்கனையில பிளேன்டி ஒண்டு குடிச்சா சரியாகும், பகல் லுஹருக்கு முந்தி வந்திடுவேன். ஷிராஸ் என்னை விட்டுட்டு அவன்ட கூட்டாளி வீட்டுக்குப் போயிடுவான், அவனுக்கு நம்மட கதை தேவையில்ல.

மௌலவியிட்டயும் போய்க் கேட்டேன், நீ நம்பமாட்ட. பள்ளியில ஆள் போகும் வரைக்கும் செருப்பத் தேடுற மாதிரி நிண்டு கேட்டேன். வேலைக்கு வச்ச நாய், உசிரக் காப்பாத்தின நாய், அத வச்சிருக்கிறதுல குத்தமில்ல எண்டார். நக்கினா ஏழு தரம் கழுவுறதுதான், அதுல ஒரு தரம் மண்ணோட. கடற்கரையில மண்ணுக்கும் தண்ணிக்கும் என்ன பஞ்சம், இத விட லேசான இடம் எங்க கிடைக்கும் எண்டு நான் கேட்டேன், மௌலவியே சிரிச்சிட்டார்.

ஏழு தரம் எண்டு வாசிச்ச உடனே உனக்கு அந்த நாள் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும்தான். உம்மாட நாப்பதாம் நாள் கத்தம் ஓதிச் சாப்பாடு குடுத்த நேரம் நீ வந்து என் பக்கத்துல சஹனுல இருந்த. ஆறு பேர் ஒரு தட்டச் சுத்தி, உன்ட கை சோத்துல. அப்பதான் நான், இவன்ட கைய ஏழு தரம் கழுவிட்டு விடுங்க, இவன் நாயோட ஒண்டா திங்கிறவன் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னேன். மண்டபமே சிரிச்சிச்சி. நீ கைய எடுத்த, வெளிய போய்க் கழுவின, அண்டு பின்னேர பஸ்ஸுல போயிட்ட. றமீஸா என்னைப் பாத்து, இருக்கிற ஒரு ஆம்பிளப் புள்ளயையும் வாயாலயே அனுப்பிட்டீங்க எண்டு சொன்னா. நான் அவளுக்கும் ஒரு பகிடி விட்டேன். அண்டைக்கு மகன், அந்தச் சனத்துக்கு மத்தியில சிரிக்க ஏதாவது கிடைக்காட்டி நான் அழுதிருப்பேன். கைக்குக் கிட்ட இருந்தது நீதான், உன்னைப் பிடிச்சி எறிஞ்சிட்டேன்.

வீரசிங்கம் தேத்தண்ணி குடிக்கக்குள்ள ஒரு விசயம் சொன்னான். உங்கட வேலையில நாய்தான் முன்னுக்குப் போறதாம், நீ கயித்தப் பிடிச்சிக்கொண்டு பின்னுக்கு. வெடி இருக்கிற இடத்துல அது குந்தும், குந்தினா நீ நிப்ப. மூணு வருஷம் அப்படி நடந்து, வயசாகின பிறகுதான் நிப்பாட்டி உன்னோட விட்டாங்களாம். நான் இவ்வளவு காலமும் நீ அத வளக்கிற எண்டுதான் நினைச்சிருந்தேன். என்ட புள்ளைக்கு முன்னால நடந்த ஒண்டத்தான் நான் சபையில வச்சி நக்கலடிச்சிருக்கிறேன். அவன் போன பிறகு கோப்பையக் கழுவ மனம் வரல்ல. அண்டு நான் சொன்னது பகிடி இல்ல மகன், பிழை. உன்னிட்ட மாப்புக் கேக்கிறேன், இத சிரிக்காமத்தான் எழுதுறேன்.

வீட்டுக்கு வா எண்டு இப்ப கேக்கல்ல. வீட்டப் பத்தி கடலுக்குப் பிறகு கதைப்போம், கதைக்காட்டியும் பரவாயில்ல. உனக்கு வர மனமில்லாட்டி வீரசிங்கத்துக்கிட்ட ஒரு சொல் சொல்லி விடு, நான் கோவிக்க மாட்டேன். ஆனா நான் எப்படியும் அண்டைக்கு அங்க இருப்பேன், ரெண்டு அறையும் சொல்லியாச்சி. வெயிலுக்குள்ள தண்ணி குடி, காலுக்கு நல்ல சப்பாத்துப் போடு, தலையிடி எண்டா வெறும் வயித்துல பெனடோல் போடாத. அல்லாஹ் உன்ட கால் வைக்கிற இடமெல்லாம் காப்பாத்துவானாக, உன்ட ஆயுச நீளமாக்குவானாக, உம்மாட கபுற வெளிச்சமாக்குவானாக. ஆமீன்.

ஒண்டு மட்டும் மறக்காம எழுதி அனுப்பு. இரத்தினம்மா நேத்து கோல் எடுத்து, வாற நாயிட பேர் என்ன, பேர் சொல்லிக் கூப்பிட்டா கெதியாப் பழகும் எண்டு கேட்டா. மகனைக் கேட்டுச் சொல்றேன் எண்டு வச்சிட்டேன். நாலு வருஷத்துல நான் அத உன்னிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல. உம்மாக்குத் தெரிஞ்சிருக்கும், அவ போன்ல ஒவ்வொரு முறையும் அத விசாரிப்பா, நான் அந்த நேரம் றேடியோவ சத்தமா வைப்பேன். பேர் என்ன மகன்.

உன்ட வாப்பா,
மக்கீன்