உள்ளேயிருந்து தட்டும் சத்தம்

அன்பு மகனுக்கு,

அப்பா உள்ளேயிருந்து கதவைத் தட்டிய சத்தம் உனக்குக் கேட்டது. இங்கே நானும் தங்கச்சியும் நலம், என் கால் வீக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது, அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா.

சலவை ஆலையில் இப்போது எங்களுக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு. உலர்த்தும் அறையில் உன் அப்பா வெந்து செத்த பிறகு நிர்வாகம் செய்த ஒரே காரியம் இதுதான். அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி வைக்கவில்லை, எங்களுக்குப் பாய் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். போர்வை மடிக்கும் மேசைகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும், துக்கம் உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். டீச்சர் சின்னப் பெண், நல்லவள்தான். என் எதிர்மேசைக்காரி, எனக்கு இடுப்புல உக்காந்திருக்கு டீச்சர், துக்கத்துக்குக்கூட உக்கார இடம் இருக்கு, எனக்குத்தான் ஒரு ஸ்டூல் தரமாட்டேங்கிறாங்க என்றாள், எல்லாரும் சிரித்துவிட்டோம். என் முறை வந்தபோது வயிறு எரியுதும்மா என்றேன். டீச்சர் என்னை ஆலை நர்சிடம் அனுப்பிவிட்டாள், நர்ஸ் நெஞ்செரிச்சல் மாத்திரை கொடுத்தாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு வயிறு எரிந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

ஆனாலும் அந்த டீச்சர் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நெஞ்சுல கை வைங்க, என்ன வந்தாலும் தள்ளாதீங்க, வரட்டும் என்றாள். வைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே தட்டுகிற சத்தம். திறந்து கிடக்கிற நம் வீட்டுக் கதவைக்கூட அப்பா தட்டிவிட்டுத்தானே நுழைவார், உங்க வீட்டுக்கே நீங்க விருந்தாளியா என்று நான் கேலி பண்ணுவேனே, அதே தட்டல். கண்ணைத் திறந்தும் நிற்கவில்லை, பஸ்ஸிலும் நிற்கவில்லை, இதை எழுதும்போதும் கேட்கிறது. அப்போதுதான் உன் உடம்பு ஞாபகம் வந்தது. துக்கம் விசாரிக்க யார் வந்து கதவைத் தட்டினாலும் உன் தோள் இரண்டும் காதுவரை ஏறும், சாப்பிடுகிற கை அப்படியே நிற்கும். பிள்ளை உடைந்துபோயிருக்கிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். விசாரணைக்கு வந்தவர்களிடம், மிஷின் சத்தத்துல எதுவும் கேக்கலைன்னு நீ சொன்னாய். அது உன் வாய் சொன்னது. நீ இங்கே வேலை பார்த்தபோது உலர்த்தும் அறைக் கதவுக்குப் பக்கத்து மிஷின் உன்னுடையது, அப்பா உள்ளே தூசி துடைக்கப் போனது உனக்குத் தெரியும். சூடு வீணாப்போகுது, கதவைச் சாத்துங்கடா என்று கத்திக்கொண்டே இருக்கும் சூப்பர்வைசர், விசாரணையை மாரடைப்பு என்று எழுதி மூடியதும் உன் தோளில் கை போட்டு, அந்தத் தூரத்துக் கிளையில் உனக்குப் பெரிய வேலை வாங்கிக் கொடுத்தான். இப்போது அந்த அறைக்குத் தூசி துடைக்கப் போகிறவன் எதிர்மேசைக்காரியின் புருஷன். அவள் என் எதிரே நின்று மடிக்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

உன்னைத் திட்ட எழுதவில்லை கண்ணு. வேலை போய்விடும் என்ற பயம் பெற்றவன் குரலைக்கூடக் கேட்கவிடாது, அந்தப் பயத்தைத் தீனி போட்டு வளர்ப்பது யார் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை, போனில் இந்தப் பேச்சை எடுத்தால் உன் பக்கம் லைன் கட்டாகிறது. நோய்நொடி இல்லாமல் நல்லா இரு, நான் கும்பிடாத நாளில்லை. குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

உன் அம்மா

படித்து முடித்ததும் நெஞ்சில் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார். பிறகு எனக்கு எழுது, அந்த அறைக் கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்து போட்டது யார்?