குறைந்த விளக்கை மீட்ட செய்தி

மழை பொய்யாதிருக்க, மரக்கால் குறையாதிருக்க, எண்ணும் எழுத்தும் ஓங்கியிருக்க. வெண்கோட்டு நாட்டின் ஏழு துறைகளுக்கும் உடையவரும், சங்குக் கொடி உயர்த்தியவரும், காலையில் கேட்ட வழக்கை மாலைக்குள் தீர்ப்பவருமான உலகுய்ய நங்கைப் பெருந்தேவியாரின் திருவடிகளுக்கு, கருங்குன்ற நாட்டுத் தலைநகரில் தங்கியிருக்கும் தூதுவன் சாத்தன் கண்டன் தலைதாழ்த்தி வரையும் ஓலை. தேவியாரும் அரண்மனையாரும் நலமே வாழ்க. பிள்ளைகள் மூவரும் இங்கு நலம். கருங்குன்றத்தார் குழம்பில் புளி மிகுதி என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு குறையில்லை.

செய்தியை நீட்டாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்குப் போரில் வென்றோம். பதினாயிரவர் கூடிய பேரவையில் நம் தலைநகர்ப் பள்ளியின் பிள்ளைகள் வென்றார்கள். இனி, தூதுவனுக்குரிய முறைப்படி, நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் இதே அவையில் நாம் தோற்றதைத் தேவியார் மறந்திருக்கமாட்டார். நூறு கோல் நீளமுள்ள நேரான தெருவில், தொடக்கம் முதல் முடிவுவரை பத்துக் கோலுக்கு ஒன்றாக விளக்கு நிறுத்தினால் எத்தனை விளக்கு வேண்டும் என்று கேட்டார்கள். நம்மவர் பத்து என்றார்கள். தெருத் தொடக்கத்தில் நிற்கும் முதல் விளக்கை விட்டுவிட்டார்கள். பதினொன்று என்ற கருங்குன்றத்தார் வென்றார்கள். அன்று முதல் நமக்கு இங்கே 'ஒரு விளக்குக் குறைந்த நாட்டார்' என்று பெயர். நம் உமணர் உப்பு விற்க வந்தால், மூட்டையிலும் ஒன்று குறையுமோ என்று சந்தையே சிரித்தது. பெண் கொடுக்க வந்தவர்களிடம், மணமகளுக்குக் கண் இரண்டா, நன்றாக எண்ணினீர்களா என்று கேட்டார்களாம். அந்தப் பெயரைக் கழுவாமல் திரும்பவேண்டா என்பதே தேவியார் அடியேனுக்கு இட்ட ஆணை.

ஆகவே நம் பள்ளியில் நடந்தது ஆயத்தம் அன்று, தவம். கணக்காயர் ஓரியார் பிள்ளைகளைத் தேர்த்தெருவின் தூண்களையும் வேலிக்கால்களையும் எண்ணவைத்தார். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் அவர்கள் ஒரே குரலில் 'ஒன்று கூட்டு' என்று பாடினார்கள். அந்தப் பாட்டு ஊரெங்கும் தொற்றிக்கொண்டது. அரண்மனை மடைப்பள்ளியில் அப்பம் எண்ணுவோரும் ஒன்று கூட்டத் தொடங்கினார்கள். அதனால் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

ஒரு பாயில் மூவர் அமர்வது இப்போரின் விதி. மற்ற நாட்டார் மூவரையும் கணக்கிடவே அமர்த்துவர். ஓரியாரோ, குயவர் மகள் பொன்னாளைக் கணக்கிடவும், உமணர் மகன் பூவனை விடை உரைக்கவும் வைத்து, மூன்றாமவளை ஐயுறுவதற்கென்றே அமர்த்தினார். விடை வெளிவருமுன் 'அப்படியோ?' என்று கேட்பதே அவள் வேலை. அவள் பெயர் எயினி, அடியேனின் மகள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் வீட்டில் செய்துவரும் வேலையும் அதுவேதான். நிலவு எழுந்தது என்று அடியேன் சொன்னாலும், வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் நம்புவாள்.

ஒற்றைச் சொல் சொல்வதற்கு ஒரு பிள்ளையா, இது தகப்பனின் செல்வாக்கு வாங்கித் தந்த இருக்கை என்று கருவூலம் காக்கும் பண்டாரத் தலைவர் நம் அவை நடுவே உரைத்தார். அதற்கு விடை கீழே வருகிறது. அவள் என் மகள் என்பதற்காக இவ்வோலையை நான் எழுதவில்லை என்பதையும், ஒரு சொல்லும் மிகைப்படுத்தவில்லை என்பதையும் இங்கே உறுதியாகக் குறிக்கிறேன்.

போர் நாளில் உச்சிப்பொழுதுக்குள் மற்ற நாட்டார் எல்லாரும் தோற்றுப் பாயை விட்டு எழுந்துவிட்டார்கள். எஞ்சியவர்கள் கருங்குன்றத்தாரும் நாமும். கடைசி வினாவை அரசர் விடங்கரே எழுந்து கேட்டார். வட்டமான குளம், கரையின் சுற்றளவு ஆயிரம் கோல், கரை முழுதும் பத்துக் கோலுக்கு ஒன்றாக விளக்கு, விளக்குகள் எத்தனை? முதலில் மணி அடித்தவர்க்கே விடை சொல்லும் உரிமை. தவறினால் வெற்றி மற்றவர்க்கு. அவையேறிய சொல்லைத் திரும்ப எடுக்க இயலாது.

விளக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே நம் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. பொன்னாள் நூறு என்று விரல் மடக்கி, ஒன்று கூட்டினாள். பூவன் மணியை அடித்தே விட்டான். நூற்றொன்று என்று சொல்ல எழுந்து வாய் திறந்தான். கீழே நின்ற அடியேனும் நம் பல்லக்குத் தூக்குவோரும்கூட உதட்டுக்குள் ஒன்று கூட்டிக்கொண்டுதான் இருந்தோம். எதிர்ப்பாயில் இருந்தவர்கள் புன்னகைத்தார்கள். ஏன் புன்னகைக்கிறார்கள் என்று எங்களில் எவருக்கும் விளங்கவில்லை.

அப்போது எயினி 'அப்படியோ?' என்றாள். வீட்டில் என்னிடம் எப்படிக் கேட்பாளோ அப்படியே கேட்டாள். பூவன் வாயை மூடிக்கொண்டான். பொழுதளக்கும் நாழிகை வட்டில் நீரில் மூழ்குமுன் விடை சொல்லியாகவேண்டும். பாதி வட்டில் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. எயினிக்கும் விடை தெரியாது. கேட்க மட்டுமே தெரியும். பொன்னாள் மணற்பலகையில் ஒரு வட்டம் கீறி, விளக்குக்கு ஒரு புள்ளியாக விறுவிறுவென்று சுற்றி வந்தாள். சுற்றி முடித்து, கூட்டவேண்டிய ஒன்றை வைக்கப் போன விரல், முதற்புள்ளியின் மேலேயே போய் இறங்கியது. தெருவுக்கு இரண்டு முனை உண்டு. குளத்துக்கு முனையே இல்லை. நூறு என்று பூவன் நாடே கேட்கும்படி சொன்னான். அடியேனின் கண்கள் கலங்கின. அதை மறைக்க விரும்பவில்லை.

விடங்கர் வயிறு குலுங்கச் சிரித்தார். நம் பாட்டு எல்லை கடந்து தம் செவிக்கும் எட்டியதென்றும், அதை நம்பியே குளம் வெட்டியதாகவும் அவரே ஒப்பினார். எதிரியின் பெருந்தன்மையை மறைப்பது தூதறம் அன்று. பரிசான வெண்கல விளக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, வெண்கோட்டாரின் குறைந்த விளக்கை இன்று திருப்பித் தந்தோம், இனி அப்பெயரைச் சொல்வோர் எம் குடிகள் அல்லர் என்று அவையறியக் கூறினார். பிறகு, தம் அமைச்சரவைக்கும் அப்படியோர் இருக்கை வேண்டியிருப்பதால் அச்சிறுமியைச் சில திங்கள் அனுப்ப இயலுமா என்று வினவினார். எங்கள் அமைச்சரவைக்கே இன்னும் கிடைக்கவில்லை என்று விடை பகர்ந்தேன்.

இவ்வோலை நம் அவையில் உரக்கப் படிக்கப்படவேண்டும் என்றும், படிக்கும்போது பண்டாரத் தலைவர் முன்வரிசையில் நிற்கவேண்டும் என்றும் தேவியாரை வேண்டுகிறேன். பிள்ளைகள் நகர் புகும் நாளில் தேர்த்தெரு முழுதும் விளக்கேற்றுக. அது நேரான தெரு; அங்கே ஒன்று கூட்டலாம். தேவியார் அளித்த தூது மோதிரத்தின் பேரால், இவ்வோலை கொண்டு வருவோனை எந்தச் சாவடியிலும் நிறுத்தலாகாது எனக் காவலர்க்கு ஆணையிடுகிறேன்.

முத்திரை இடுமுன் ஓலையை மகளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் 'அப்படியோ?' என்று கேட்டாள். எழுத்தாணி கீறியதை அழிக்க இயலாது. ஆகவே இங்கே திருத்துகிறேன். பேரவையில் பதினாயிரவர் இல்லை; அந்த மண்டபம் ஆயிரவரைக்கூடக் கொள்ளாது. அவள் என் மகள் என்பதற்காக இவ்வோலையை எழுதவில்லை என்றதும் பிழை. அதற்காகவும்தான் எழுதினேன்.

திருத்தியதைப் படித்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. முத்திரை இட்டேன்.