ஃபிலோ எழுதிய விவரங்களும் மாப்பிள்ளையின் அகர வரிசையும்

என் அருமை ஃபிலோ,

சண்டை போட ஆளில்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு நம் தியாகராய நகர் ஆபீசில் நடக்கிற கூத்தை வேறு யாரிடம் சொல்லிச் சிரிப்பது? சிரிப்பதா, காறித் துப்புவதா என்றுதான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். முதலாளியின் மாப்பிள்ளை பேசினார். கீழே ஜவுளிக்கடை, மேலே நம் வீடியோ கம்பெனி, இரண்டையும் இப்போது அவர்தான் கட்டி மேய்க்கிறார். "ஃபிலோமினா மேடம்தான் இந்தக் கம்பெனிக்கு ஞாபக சக்தி" என்றார். சொன்ன வாய் மூடுவதற்குள், மௌன அஞ்சலிக்கு நடுவிலேயே போனை எடுத்து, சரக்கு லாரி வந்துவிட்டதா என்று கேட்டார். உன் படத்துக்கு பிளாஸ்டிக் மாலை. வாடாதாம்.

அந்த வாரமே ஞாபக சக்தியைக் கழற்றிப் போட ஆரம்பித்தார். நாம் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் நீ உட்கார்ந்து விவரம் எழுதி வைத்தாயே, யார் இருக்கிறார், எந்த இடம், எதைப் போடலாம், எதைப் போடவே கூடாது என்று. அதெல்லாம் இருந்த பழைய மென்பொருளை நிறுத்திவிட்டுப் புதுசுக்கு மாறுகிறோம் என்றார். "படம் பத்திரமா இருக்குல்லா அண்ணாச்சி, எழுத்து எதுக்கு?" இதை ஒரு வீடியோ கம்பெனியை நடத்துகிறவர் கேட்கிறார், ஃபிலோ. நீ இருந்திருந்தால் அங்கேயே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாய்.

அன்று மத்தியானமே நான் உன் எழுத்தையெல்லாம், ஒரு படத்துக்கு ஒரு சின்னக் கோப்பாக, அந்தந்தப் படத்தின் எண்ணோடு ஹார்ட் டிஸ்கில் இறக்கி, மயிலாப்பூர் வீட்டு பீரோவில் வைத்தேன். மாப்பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. "எதுக்கு அண்ணாச்சி கருவாடு மாதிரி சேத்து வைக்கிய?"

அவர் செய்த காரியத்தைக் கேள். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக எடுத்தார். ஒரு பக்கம் படத்தின் எண், அதற்கு நேரே நீ எழுதிய விவரம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விவரங்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கிவிட்டார். எண்களையும் சேர்த்து நகர்த்தட்டுமா என்று அந்தக் கணினியே ஒரு முறை கேட்கும். வேண்டாம் என்று அமுக்கியிருக்கிறார். அதைப் புது மென்பொருளில் ஏற்றிவிட்டுப் பழையதை மூடியாயிற்று.

எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. உன் விவரங்கள் மட்டும் சம்பந்தமில்லாத படங்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன. மயிலாப்பூர் தேர் படத்தைத் திறந்தால் "அடையாறு பாலத்தில் போக்குவரத்து நெரிசல்" என்கிறது. இப்படி ஆகிவிட்டதே, என்னிடம் இருப்பதை ஏற்றுகிறேன் என்றேன். "தேடினா ஏதோ ஒண்ணு வருதுல்லா, போதும்" என்றார். இந்த மண்டையை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஒருவர் தலை சீவுகிறாரோ.

வசந்தாக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். மகன் சேகர் கடலுக்குப் போய்த் திரும்பாத அன்று நாம் அந்தக் கரையில்தான் இருந்தோம். தலையை விரித்துப் போட்டு, கடலைப் பார்த்துக் கையை நீட்டி அவர் கதறினார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்த எங்கியும் போட்டுடாத கண்ணு" என்றார். போட மாட்டேன் என்று நீ வாக்குக் கொடுத்தாய்.

அந்தப் படத்தின் மேல் இப்போது வந்து உட்கார்ந்த விவரம்: "மாசி மகம். கடற்கரையில் பக்தையின் பரவசம்."

ஜவுளிக்கடையின் பண்டிகை விளம்பரத்துக்கு மாப்பிள்ளை பரவசம் தேடியிருக்கிறார், கிடைத்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகத்துக்கும் சாமி கும்பிடுகிறவளின் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிறவி. வசந்தாக்கா கதறிய சத்தத்தை எடுத்துவிட்டு நாதஸ்வரம் போட்டார்கள். நான் பார்ப்பதற்குள் ஊரே போனில் பார்த்திருந்தது. உன்னுடைய "கதறல். போடக் கூடாது" எங்கே போயிற்று தெரியுமா? மாப்பிள்ளை ரிப்பன் வெட்டிப் பேசிய படத்தின் மேல். அந்த அட்டவணையிலேயே அது ஒன்றுதான் சரியாக அமைந்தது.

வசந்தாக்கா கருவாட்டுக் கூடையோடு நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். "எவ்வளவு பேரு பாத்திருக்காவ, சந்தோசப்படணும்லா" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை கீழேயிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்துவரச் சொன்னார்.

வசந்தாக்கா அந்தப் புடவையைத் தொடவில்லை. "எம்புள்ளைய கடலு இட்டுக்கினு போச்சி. நான் கத்துனத வெச்சி நீ பொடவ விக்கிற. அதுல எனக்கே ஒண்ணு குடுக்குறியா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ஃபிலோ பொண்ணு எங்க? போட மாட்டேன்னு சொல்லிச்சே."

நீ போய்விட்டதைச் சொன்னேன். கூடையைக் கீழே இறக்கி வைத்தார். அப்புறம் கேட்டார், "அது செத்தா, அது குடுத்த வாக்கும் செத்துடுமா?"

மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தாக்கா இறங்கிப் போய் ஜவுளிக்கடை வாசலில் கூடையைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிட்டார். பண்டிகைக் கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க் கடைக்குள் நுழைந்தது. முதலாளியே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். விளம்பரம் உடனே எடுக்கப்பட்டது. இரங்கல் கூட்டம் போட்டும் கிடைக்காத மரியாதை உனக்குக் கருவாட்டு வாசத்தில் கிடைத்தது.

மறுநாள் வசந்தாக்கா திரும்ப வந்தார். "அது இன்னா எயுதி வெச்சிது? படி" என்றார். ஹார்ட் டிஸ்கைத் திறந்து, உன் கோப்பைப் படித்துக் காட்டினேன்.

"வசந்தா, பட்டினப்பாக்கம். மகன் சேகரைக் கூப்பிட்டுக் கதறல். போடக் கூடாது. வாக்குக் கொடுத்தாச்சு. சேகர் திரும்பி வந்துவிட்டால் இந்தக் குறிப்பை அழித்துவிடவும்."

அந்தக் கடைசி வரியை எப்போது எழுதினாய், ஃபிலோ? என்னிடம் சொல்லவே இல்லையே.

அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அயிச்சிடாத அண்ணே. அவன் வந்தா நானே வந்து சொல்றேன்."

உன் கோப்புகளை இப்போது ஒவ்வொன்றாக அதனதன் படத்தோடு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மாமனார் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை இந்தப் பக்கமே வருவதில்லை. ஆனால் நாளைக்கே இன்னொரு மென்பொருள் வாங்குவார், இன்னொரு தினுசாக அடுக்குவார். அடுக்கட்டும். அந்தப் படம் எந்தப் பெட்டிக்குப் போனாலும் உன் எழுத்து அதோடு போகும். வசந்தாக்கா படியேறி வந்து, சேகர் வந்துவிட்டான் என்று சொல்லும் வரை அந்த வரியை ஒருத்தனையும் தொட விட மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னிடம் திட்டு வாங்கியே பழகிப்போன
உன் அண்ணாத்த,
கோவிந்தன்